போனுக்கும் பீக்கனுக்கும் ஆகாது

"விலை இறங்கியிருக்கிறதே, வாங்கிவிடவா?" என்று நண்பர் கேட்டார். சில குளிர்காலங்களாக நான் நெஞ்சில் கட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்தின் தாவோஸ் பக்கத்து மலைகளில் ஏறி இறங்கும் பனிச்சரிவு பீக்கனைப் பற்றித்தான் கேட்கிறார். நடக்கும்போது இது ரேடியோ சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும்; யாராவது பனியில் புதைந்தால், மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி, அந்தச் சிக்னலைப் பிடித்து அவரைக் கண்டுபிடிப்பார்கள். மூன்று ஆன்டெனா, 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை எல்லாம் அவருக்கே தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தடித்த கையுறையோடே தேடும் நிலைக்கு மாற்றலாம். இரண்டு மூன்று பேர் புதைந்திருந்தால், கண்டுபிடித்தவரைக் குறித்து ஒதுக்கிவிட்டு அடுத்தவரைத் தேடப்போகும் வசதி பயிற்சியில் ஒருமுறைகூடக் காலை வாரியதில்லை. கிளம்புமுன் குழுவில் எல்லாருடைய பீக்கனும் அனுப்புகிறதா என்று பார்ப்பதும் சட்டென்று முடிந்துவிடும்.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் போன் இருந்தால் இதற்குப் பித்துப் பிடித்துவிடுகிறது. யாரும் எதையும் புதைக்காத வெறும் பனியில் 38 என்று தூரம் காட்டி அம்பை இடப்பக்கம் திருப்பும். நாலடி நடந்தால் 51, அம்பு வலப்பக்கம். போனை எடுத்து அப்பால் வைத்தால் பரம சாது.

விதி தெரியும். அனுப்பும்போது மற்ற மின்கருவிகள் 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். எந்த பீக்கனுக்கும் இதுதான். போனை அணைத்தே வைப்பது இன்னும் நல்லது. சரி, நியாயம்தான். ஆனால் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்எல்எஃப் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கை, 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளுக்கு நிறம் தீட்டிய வரைபடம், எல்லாம் அந்தப் போனில்தானே இருக்கிறது? ஐந்து படியில் அபாயம் மூன்று என்று மட்டும் தெரிந்தால் போதாது. எந்தத் திசைச் சரிவில், எத்தனை மீட்டருக்கு மேலே என்பதுதான் விஷயம். ராத்திரிக் காற்று முகட்டுக்கு மறுபக்கம் பனியை அள்ளிக் கொட்டியிருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் கை போனுக்குத்தான் போகும். பார்த்ததும் தொடைப் பையில் போடுகிறேன். நடக்கும்போது அது சரி. தேடலின் கடைசிக் கட்டத்தில் குனிந்து, கருவியைப் பனியோடு ஒட்டி நகர்த்தும்போது அந்தப் பை ஒரு முழத் தூரத்துக்குள் வந்துவிடுகிறது.

கூட வருபவர் ஒருவரின் புதிய கருவி இதே நிலையில் குறுக்கீடு இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. என்னுடையது அடித்துச் சொல்கிறது, அதுவும் பொய்யை. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்து நிமிடம் தாண்டியதும் மளமளவென்று சரியும். அந்த நேரத்தில் இல்லாத ஆளை இடப்பக்கம் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

அதனால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம், கொஞ்சம் கூடப் போட்டுக் குறுக்கீட்டைச் சொல்லும் மாடலாகப் பாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அப்போ நீங்களும் மாற்றப் போகிறீர்களா என்றார். இல்லை. போனை முதுகுப்பைக்கு மாற்றிக்கொள்கிறேன். பீக்கனைக் கொடுக்க மனசு வரவில்லை.