பவளத் தொட்டிக்கு ஃப்ளட் லைட் போதுமா? பிளாக் பாக்ஸ், பிராண்ட் விளக்குகளோடு ஓர் ஒப்பீடு

கடைவாசலிலும் திருவிழாப் பந்தலிலும் எரியும் 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட்டின் கீழே பவளம் வளருமா? வளரும். ரேடியான், ஏஐ பிரைம், கெஸில் என்று ரீஃப் தொட்டிக்காகவே (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வரும் விளக்குகளுக்குப் பல மடங்கு விலை கொடுக்கிறோமே, அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிதான் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. அது அதிகம் உறிஞ்சுவது நீல ஒளியை. சாதாரண வெள்ளை எல்இடி என்பதே 450 நானோமீட்டர் அளவில் ஒளிரும் நீலச் சில்லின் மேல் பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசியதுதான். அதனால் 6500 கெல்வின் கூல் ஒயிட் வாங்கினாலே பவளத்துக்கு வேண்டிய நீலத்தில் நல்ல பங்கு கிடைத்துவிடும். வார்ம் ஒயிட் மட்டும் வேண்டாம். அதில் நீலத்தின் பெரும்பகுதியைப் பாஸ்பரே விழுங்கிவிடுகிறது.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 வாட் விளக்கு ஒன்று 5000 லூமன் தருகிறது என்று வையுங்கள். கூல் ஒயிட் ஒளிக்கு ஏறக்குறைய 70 லூமனுக்கு ஒரு மைக்ரோமோல் என்று கொண்டால், நொடிக்கு 71 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு). 120 பாகையில் விரிந்து சிதறும் ஒளியில் பாதிதான் தொட்டிக்குள் போகிறது என்று எடுத்தாலும், 60க்கு 45 செ.மீ. தொட்டியில் சராசரி பார் அளவு (PAR: ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி) 130ஐ ஒட்டி வரும். மஷ்ரூம், சோயாந்திட், லெதர் போன்ற கல்லெலும்பு இல்லாத மென்பவள வகைகளுக்கு 50 முதல் 150 வரை போதும். அக்ரோபோரா போன்ற கிளைக் கல்பவளத்துக்கு 250க்கு மேல் வேண்டும். அந்த இடத்தில் ஒற்றை ஃப்ளட் லைட் தோற்றுப்போகும்.

இந்தியாவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாறை கட்டும் கல்பவளங்கள் எல்லாமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.

ஃப்ளட் லைட்டின் உண்மையான பலவீனம் நிறம். வெறும் 6500 கெல்வினின் கீழ் தொட்டி மஞ்சளடித்துத் தெரியும். பவளத்தின் ஒளிர்நிறங்கள் எழும்பாது. பிராண்ட் விளக்கில் 400 முதல் 430 நானோமீட்டர் வரையுள்ள ஊதா உண்டு, ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம், காலை மெல்ல ஏற்றி மாலை மெல்ல இறக்கலாம். கூடுதல் பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது, வளர்ச்சிக்கு அல்ல. கண்ணுக்கு அழகு முக்கியம் என்றால் அந்தப் பணம் வீணும் அல்ல. ஃப்ளட் லைட்டோடு ஒரு நீல ஃப்ளட் லைட்டையும் சேர்த்துப் போட்டால் குறையில் பாதி தீரும். ஆனால் அலங்காரத்துக்கு விற்கும் நீலம் பெரும்பாலும் 460க்கு மேல். நமக்கு வேண்டியது 450ஐ ஒட்டிய ராயல் புளூ. கேட்டு வாங்குங்கள்.

இரண்டுக்கும் நடுவே நிற்பது சீன பிளாக் பாக்ஸ், அதாவது கறுப்புப் பெட்டி வடிவில் வரும் பெயர் தெரியாத மலிவு ரீஃப் விளக்கு. 165 வாட் என்று பெயர், 55 எல்இடியை மூன்றால் பெருக்கிய கணக்கு. இழுக்கும் மின்சாரம் அதைவிடக் குறைவு. நீலத்துக்கும் வெள்ளைக்கும் கூட்டிக் குறைக்கத் தனித்தனித் திருகு குமிழ் இருக்கிறது, ஒளியும் பல புள்ளிகளிலிருந்து வருவதால் நிழல் குறைவு. மூன்றடித் தொட்டி என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். இரண்டடிக்கு இது அளவுக்கு மீறிய வெளிச்சம்; குமிழைப் பாதிக்குக் கீழே வைத்தே ஓட்ட வேண்டியிருக்கும். டி5 என்ற மெல்லிய ஃப்ளோரசன்ட் குழல்விளக்கின் சீரான பரவலுக்கு இன்றும் ஈடில்லை, ஆனால் அதுபோன்ற பாதரசம் அடங்கிய விளக்குகளை உலகமே கைவிட்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் டி5ஐப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவதை 2023இல் நிறுத்தியது. புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மிச்சம் பிடித்த பணத்தை எங்கே போடுவது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: மின் பாதுகாப்பில். ஐபி65 என்ற முத்திரை மழைக்கும் பீய்ச்சும் தண்ணீருக்கும் ஆனது. உப்புத் துளி மாதக்கணக்கில் படிந்து அரிப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. உலோக உடலுக்கு எர்த் கொடுத்தே ஆக வேண்டும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும், விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே கண்ணாடி மூடி வேண்டும். விளக்கைத் தாங்கும் சட்டத்தை இரண்டு இடத்தில் கட்டுங்கள். இவற்றைச் செய்ய மனமில்லாதவருக்கு ஃப்ளட் லைட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பார் மீட்டர் விலை பல விளக்குகளின் விலைக்கு மேல். வெள்ளை விளக்குக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் மலிவான லக்ஸ் மீட்டரே உதவும்: வந்த எண்ணை 70ஆல் வகுத்தால் தோராயப் பார் கிடைக்கும். நீலத்துக்கு இது செல்லாது. மனிதக் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நீலத்தை லக்ஸ் குறைத்தே காட்டும்.

இரண்டடித் தொட்டி, மென்பவளம் என்றால் என் தேர்வு 30 வாட் கூல் ஒயிட் ஒன்றும் 30 வாட் ராயல் புளூ ஒன்றும், தனித்தனி டைமரில். நீலம் ஒரு மணி நேரம் முன்னால் எரியட்டும், ஒரு மணி நேரம் பின்னால் அணையட்டும். வெள்ளைக்கு முதல் வாரம் நான்கு மணி நேரம் போதும். விளக்கைத் தண்ணீரிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, பவளம் வெளிறாமல் விரிந்து நிற்பதைப் பார்த்த பிறகே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள்.