பெடல் கட்டையா, இறங்குகிறதா? பழைய காரில் பிரேக் குறைந்தால்

பழைய காரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொன்னால், பல ஒர்க்‌ஷாப்புகளில் முதலில் பேட் மாற்றிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக் காருக்கும் அதுதான் நடந்தது. புது பேட், புது லைனிங், நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தாகிவிட்டது, அதாவது பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றியாகிவிட்டது. மறுவாரம் சிக்னலில் நிற்கும்போது பெடல் காலுக்கடியில் மெல்ல இறங்கிக்கொண்டே போனது. கோளாறு, மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் இருந்திருக்கிறது.

சான்ட்ரோ, ஆல்டோ போல முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், கூடவே கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் வேக்குவம் பூஸ்டர் உள்ள வண்டியில், பேடில் கை வைக்கும் முன் பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் பார்த்துவிட வேண்டும். எது போயிற்று என்பதைக் காலே சொல்லிவிடும்.

பூஸ்டர் போனால் பெடல் கட்டையாகிவிடும், மிதிக்க முடியாதபடி இறுகிவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே போனால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. அசையவில்லையா? உடனே பூஸ்டரை மாற்றக் கிளம்ப வேண்டாம், இன்ஜினிலிருந்து வரும் வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹோஸ் மாற்றுவது சின்னச் செலவு.

மாஸ்டர் சிலிண்டர் போனால் இதற்கு நேர் எதிர், பெடல் மெல்ல இறங்கும். உள்ளே ரப்பர் சீல் தேய்ந்து, ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் சீலைத் தாண்டிப் பின்னுக்கே வந்துவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறையாது. ஓங்கி மிதித்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும். அதனால்தான் மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு ‘சரியாத்தானே இருக்கு’ என்கிறார். இன்ஜினை அணைத்து, பெடலை மிதமாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். இறங்கினால், வெளியே எங்கும் ஒழுகலும் இல்லையென்றால், சீல்தான். அதன் பிறகு அந்த வண்டியைத் தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

பெடல் பஞ்சு போல இருந்தால் லைனில் ஏர். இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்பக் கீழே போய்த்தான் பிடிக்கிறது என்றால் ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று ‘கிளிக்’ இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் மேலே வந்தால் பின் டிரம்மில் ஷூ (லைனிங் ஒட்டிய கட்டை) அட்ஜஸ்ட்மென்ட் போதும்.

அப்புறம், சீல் போயிருந்தால் ரப்பர் சீல்களை மட்டும் மாற்றும் சீல் கிட்டா, முழு மாஸ்டர் சிலிண்டரா? கிட் மலிவு. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாத வண்டியில் சிலிண்டரின் உள்சுவர் அரித்துப் பள்ளமாகியிருக்கும். அந்தச் சொரசொரப்பில் புது சீலும் சீக்கிரமே கிழியும். என் வண்டியில் நகத்தால் தடவியபோதே பள்ளம் தட்டுப்பட்டது, முழுசாகவே மாற்றினேன். உங்களுடையது வழவழவென்று இருந்தால் கிட் போடலாம்.

பழைய சிலிண்டரையே வைத்து ஏர் எடுப்பதாக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். அடிவரை மிதித்தால், வழக்கமாகப் போகாத அந்த அரித்த பகுதியில் சீல் உரசி, நன்றாக இருந்த சீலும் அன்றைக்கே போய்விடும்.