காதில் மாட்டும் வேகஸ் கிளிப்: மின்வாரியக்காரன் ஒருவனின் மதிப்புரை

தாளம் தப்பும் இதயத்தை அமர்த்த, காது வழியாக வேகஸ் என்ற நரம்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டும் கருவி இது. பெட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான்: உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மெல்லிய ஒயர், முனையில் இரண்டு உலோகப் பொட்டு வைத்த காது கிளிப், சார்ஜர் கேபிள், அப்புறம் வழவழப்புத் தாளில் ஒரு விளம்பரப் பிரசுரம். சுங்க வரி சேர்த்து ரூ.30,000-க்கு மேல் ஆயிற்று. மதுரையில் நான் விசாரித்த சர்ஜிகல் கடைகளில் இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பினாள். கம்பெனியின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், டாக்டர்கள் 'ஏ.எஃப்.' என்று சுருக்கிச் சொல்வது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். நாடி பிடித்தால் தாளம் தப்பி ஓடும். எனக்கு இருப்பது வந்து வந்து போகும் ரகம். துடிப்பைக் கட்டுப்படுத்த மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன், ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபானும் உண்டு. கருவி வந்த அன்றே டாக்டரிடம் காட்டினேன். "போட்டுப் பாருங்க சார். ஆனா மாத்திரையில கை வைக்கக் கூடாது" என்றார். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அவரவர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

காதில் மின்சாரம் விட்டால் இதயத்துக்கு எப்படிப் போகும்? கழுத்து வழியாக இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் ஒரு சின்னக் கிளை காதுத் தோலுக்கும் வருகிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, அது இந்தக் கிளையின் வேலை. காதுத் துவாரத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் குருத்தெலும்பில், அதற்கு டிராகஸ் என்று பெயர், கிளிப்பை மாட்டினால் தூண்டல் மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து வேகஸ் வழியாகவே இதயத்துக்கு வருகிறது. இதயம் தானாகவே துடித்தாலும் அதை முடுக்கிவிட சிம்பதெடிக் நரம்புகளும் அமர்த்த வேகஸும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே சமநிலை கெடுவதுதான் பல பேருக்குத் தாளம் தப்ப ஒரு காரணம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்கு ஏ.எஃப். வரவழைக்கப் பழைய வழியே வேகஸைப் பலமாகத் தூண்டுவதுதான். பலமான தூண்டல் மேலறைத் தசை ஓய்வெடுக்கும் நேரத்தைக் குறைத்துவிடும். தாறுமாறான அலைகள் சுற்றிவர இடம் கிடைத்துவிடும். அதே நரம்பை, நாடித்துடிப்பே குறையாத அளவுக்கு மெல்லத் தூண்டினால் விளைவு தலைகீழ், ஏ.எஃப். அடங்குகிறது என்று காட்டியவர்கள் அமெரிக்காவில் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்காரர்கள். அதனால் இந்தக் கருவியில் 'கூட்டி வைத்தால் சீக்கிரம் குணமாகும்' என்ற கணக்கு செல்லாது. இதைப் பிரசுரத்தின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

சரி, கருவி சொன்னபடி வேலை செய்கிறதா? அந்தச் சந்தேகம் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். சாதாரண மல்டிமீட்டரில் இதை அளக்க முடியாது, துடிப்பு அவ்வளவு குறுகல். பாலிடெக்னிக்கில் இருக்கும் நண்பர் ஒருவரின் ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், கிளிப்பின் இரண்டு பொட்டுக்கும் நடுவே 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, மின்துடிப்பைப் படமாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தோம். வினாடிக்கு 20 துடிப்பு, ஒவ்வொன்றும் 200 மைக்ரோ செகண்ட். பெட்டியில் போட்டதும் இதுதான், ஒக்லஹோமாக்காரர்கள் பிறகு மனிதர்களிடம் செய்த காது கிளிப் ஆய்வில் பயன்படுத்தியதும் இதுதான். சார்ஜ் இறங்கி விளக்கு மினுக்க ஆரம்பித்த பிறகும் மின்னோட்டம் சரியவில்லை. நல்ல சர்க்யூட். செய்தவன் தொழில் தெரிந்தவன்.

கணக்கும் போட்டேன். வினாடிக்கு 4 மில்லி செகண்ட் மட்டும்தான் மின்சாரம் ஓடுகிறது. ஒரு மணி நேரம் மாட்டியிருந்தால் மொத்தத்தில் 14.4 வினாடி. 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தோடு காலம் தள்ளிய எனக்கு இது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டில் கேட்டாள்: "ஏங்க, ரிட்டயர் ஆகியும் கரன்ட் உங்கள விடலையா?"

குறை சொல்லவேண்டியது அளவு எண்களைத்தான். திரையில் 1, 2, 3 என்று படி ஏறுகிறதே தவிர, எந்தப் படியில் எத்தனை மில்லியாம்பியர் என்று எங்கேயும் இல்லை. ஆய்வில் என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொருவருக்கும் எந்த அளவில் காது உறுத்த ஆரம்பிக்கிறதோ அதற்கு 1 மில்லியாம்பியர் கீழே வைத்தார்கள். அதை வீட்டில் செய்ய வேண்டுமென்றால் மில்லியாம்பியர் தெரிய வேண்டாமா? என்னிடம் ஸ்கோப் அளவு இருந்ததால் ஒரு தாளில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிட்டேன். எல்லாருக்கும் பாலிடெக்னிக் நண்பர் கிடைப்பாரா?

தினசரி உபயோகம் எளிது. சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரு காதில் கிளிப், இன்னொரு காதில் ரேடியோ. உலோகப் பொட்டுகளைத் தண்ணீரில் தொட்டு ஈரப்படுத்திவிட்டு மாட்ட வேண்டும். மதுரை வெயிலில், ஃபேனுக்குக் கீழே, கால் மணி நேரத்தில் ஈரம் காய்ந்து சுருக்கென்று குத்த ஆரம்பிக்கும். இ.சி.ஜி. எடுக்கப் போடும் ஜெல் ஒரு பொட்டு தடவினால் அந்தத் தொல்லை இல்லை. மாட்டிக்கொண்டே நடமாடலாம் என்று படம் போட்டிருக்கிறார்கள். குனிந்தால் கிளிப் கழன்று விழுகிறது. உட்கார்ந்திருப்பவர்களுக்கான சாமான் இது.

இனி அந்தப் பிரசுரத்துக்கு வருகிறேன். விற்பவர்களிடம் எனக்கு நிஜமான கோபம் இதில்தான். நரம்பு மண்டலத்தைச் சரிக்கட்டி இதயத் தாளத்தைச் சீராக்கலாம் என்பதற்கு வரிசையாக ஆய்வுகளை அடுக்கியிருக்கிறார்கள். எல்லாம் உண்மையான ஆய்வுகள். ஆனால் இந்தக் கிளிப்புக்குச் சம்பந்தமுள்ளது ஒன்றுதான்: 2020-இல் ஒக்லஹோமாக்காரர்கள் வெளியிட்டது. தினம் ஒரு மணி நேரம், 6 மாதம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவுக்கு அதே கிளிப்பை வேகஸ் கிளை இல்லாத காது மடலின் கீழ்நுனியில் மாட்டினார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, யாருக்கு நிஜம், யாருக்குப் பாசாங்கு என்று மாட்டியவருக்கே தெரியாது. 6 மாத முடிவில், டிராகஸில் மாட்டியவர்கள் ஏ.எஃப்.-இல் கழித்த நேரம் மற்றவர்களைவிட 85% குறைவு. இந்த '85%' பிரசுரத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு இருக்கிறது. சேர்ந்தவர்கள் மொத்தமே 53 பேர் என்பது எங்கேயும் இல்லை.

மற்றவை வேறு ஊர்க் கதை. இத்தாலியில் 19 மருத்துவமனைகள் சேர்ந்து 131 பேரிடம் செய்ததைப் போட்டிருக்கிறார்கள். அது கழுத்தடியில் இருக்கும் ஸ்டெல்லேட் நரம்பு முடிச்சில் மரத்துப்போகும் ஊசி போடுவது. கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான தாளக்கேடு புயல் மாதிரி அடுத்தடுத்து வந்து, ஷாக் கொடுத்தும் மருந்து கொடுத்தும் அடங்காதவர்களுக்கான அவசர வைத்தியம். முடுக்கும் நரம்பை அங்கேயே அடைத்துவிடுவார்கள். பலன் பிரமாதம்தான், என் காதுக்கும் அதற்கும் என்ன? இன்னொன்று 302 பேர் கலந்துகொண்ட ஆய்வு. ஏ.எஃப்.-உடன் ரத்தக் கொதிப்பும் இருந்தவர்களுக்கு, கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, தாளம் கெடுக்கும் இடங்களைச் செயலிழக்கச் செய்யும் அப்லேஷனோடு சிறுநீரக ரத்தக்குழாயைச் சுற்றிய நரம்புகளையும் சுட்டார்கள். ஒரு வருடம் கழித்து 72.1% பேருக்கு ஏ.எஃப். திரும்பவில்லை, அப்லேஷன் மட்டும் செய்தவர்களில் அது 56.5%. இதுவும் கத்தீட்டர் வேலை, கிளிப் வேலை இல்லை.

விட்டதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். திறந்த இதய அறுவைக்குப் பிறகு வரும் ஏ.எஃப்.-ஐத் தடுக்க, இதயத்தின் மேல் உள்ள கொழுப்புத் திட்டுகளில், அங்கேதான் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன, போட்டுலினம் நச்சை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய சோதனையில் அது தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. அது மட்டும் பிரசுரத்தில் காணோம்.

இந்தத் துறையே புதுசு என்றும் நினைக்க வேண்டாம். ருமேனியாவில் யோனெஸ்கு என்ற அறுவை மருத்துவர் 1916-லேயே இடதுபக்க சிம்பதெடிக் முடிச்சை வெட்டி எடுத்திருக்கிறார். இப்போது அந்த அறுவையைப் பெரிய அளவில் ஆராய்ந்தவர்களில் ஒருவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் யு.சி.எல்.ஏ.-வில் இருக்கும் கல்யாணம் சிவகுமார். அவருடைய குழுவும் வேறு சில நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து 2017-இல் வெளியிட்டதில், வேறு எதற்கும் மசியாத கீழறைத் தாளக்கேடு உள்ள 121 பேரில், அறுவைக்கு ஒரு வருடம் கழித்து 58% பேருக்கு அது நீடித்தோ ஷாக் வாங்கும் அளவுக்கோ திரும்பவில்லை. அதற்கு விலையாகச் சிலருக்கு இமை தொங்கும், வியர்வை மாறும். டாக்டர் இதைச் சொன்னபோது என் காது கிளிப்பின் மீது கொஞ்சம் மரியாதை வந்தது உண்மை. இதில் இமை தொங்காது. அதிகபட்சம் காது சிவக்கும்.

எனக்குக் குறைந்ததா? குறைந்திருக்கிறது. முன்பு படபடப்பு வந்தால் ராத்திரி முழுக்க நிற்கும். இப்போது வருவது அரிது, வந்தாலும் சீக்கிரம் போய்விடுகிறது. உடம்பில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க இ.சி.ஜி. பதியும் ஹோல்ட்டர் சோதனையும் கடைசியாகச் சுத்தம். ஆனால் இதே மாதங்களில் டாக்டர் மெட்டோப்ரோலால் அளவைக் கூட்டியிருக்கிறார், எடையும் இறங்கியிருக்கிறது. எந்த ஃப்யூஸ் போட்டதால் விளக்கு எரிகிறது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை; விற்பவர்களிடமும் இல்லை.

விற்பனைக்குப் பிந்தைய சேவை மோசம். ஒயர் கிளிப்புக்குள் நுழையும் கழுத்தில் பிடிமானமே கிடையாது. ஒரு ரப்பர் குழாய் போட்டிருந்தால் முடிந்த விஷயம். சில மாதத்திலேயே அங்கே உள்ளே அறுந்துவிட்டது. மெயில் போட்டால், படம் அனுப்புங்கள், ரசீது அனுப்புங்கள் என்று இழுத்து, கடைசியில் 'உபயோகத் தேய்மானம், வாரன்டியில் வராது' என்றார்கள். கிளிப் தனியாகவும் தர மாட்டார்களாம், ஒயர், கிளிப், கேபிள் எல்லாம் சேர்த்த செட்டாகத்தான் வாங்க வேண்டும். நானே பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு இறுக்கிவிட்டேன். அதற்கப்புறம் பிரச்சனை இல்லை.

வந்து வந்து போகும் ஏ.எஃப். இருந்து, டாக்டர் சம்மதித்து, பணமும் உபரியாக இருந்தால் வாங்கலாம். மாத்திரையை நிறுத்தலாம் என்ற ஆசையில் வாங்குவதாக இருந்தால் வேண்டாம்; பக்கவாதத்தைத் தடுப்பது அபிக்ஸபான் மாதிரி மருந்துதான், இந்தக் கிளிப் அதைச் செய்யும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. என் மதிப்பெண் 5-க்கு 3. சர்க்யூட்டுக்கு இரண்டு, உட்கார்ந்தபடி ரேடியோ கேட்க வைத்ததற்கு ஒன்று. கிளிப்பைத் தனியாக விற்று, திரையில் மில்லியாம்பியரும் காட்டினால் நாலாக்குகிறேன்.