வி.இ. டியூனிங்: எல்லாப் பிழையையும் அட்டவணையின் தலையில் கட்ட வேண்டாம்

4ஜி93 எஞ்சின் போட்ட புரோட்டான் வீரா கார், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டரான மெகாஸ்குவிர்ட் 2 இசியு, எக்சாஸ்ட் புகையிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் பாஷ் எல்.எஸ்.யு. 4.9 வைட்பேண்ட் சென்சார். ஓடும்போது வரும் எண்களை வரி வரியாகப் பதியும் லாக் எடுப்பது ட்யூனர்ஸ்டூடியோவில், கணக்குப் பார்ப்பது மெகாலாக்வியூவர் எச்.டி.யில். கோலாலம்பூர் வெயிலிலும் ஜாமிலும் தினமும் ஓடும் வண்டிக்கு இந்தச் செட்டப் நீண்ட காலமாக நன்றாகவே உழைக்கிறது. ஆனால் லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1க்கு மேல் போனால் பெட்ரோல் குறைவு, அதாவது லீன்) தவறும் போதெல்லாம் வி.இ. அட்டவணையின் எண்ணைத் திருத்தினால் காலையில் ஒரு டியூன், மாலையில் வேறு டியூன் என்று அலைய வேண்டியதுதான். வி.இ. என்பது வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி, அதாவது சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்பது; ஆர்.பி.எம்.முக்கும் மேனிஃபோல்டு அழுத்தத்துக்கும் ஏற்ப அட்டவணையில் ஒவ்வொரு செல்லிலும் (கட்டத்திலும்) ஓர் எண். எஞ்சின் எவ்வளவு மூச்சு இழுக்கிறது என்பது மட்டுமே அந்த அட்டவணையில் இருக்க வேண்டும்.

கணக்கு இப்படி. 1834 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 458 சிசி. மேனிஃபோல்டில் 100 கிலோபாஸ்கல், காற்று 40 டிகிரி, வி.இ. 85 என்றால் ஒரு முறைக்கு உள்ளே போகும் காற்று 0.434 கிராம். ஏ.எஃப்.ஆர். (காற்று-பெட்ரோல் எடை விகிதம்) 12.9 வேண்டுமானால் பெட்ரோல் 0.0336 கிராம். நிமிடத்துக்கு 240 சிசி தரும் இன்ஜெக்டர் இதைக் கொடுக்க ஏறக்குறைய 11.4 மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும். டெட் டைம், அதாவது மின்சாரம் வந்தும் இன்ஜெக்டர் திறக்காமல் வீணாகும் நேரம், இதற்கு மேல் தனி.

திருத்தும் ஃபார்முலா எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

புதிய வி.இ. = பழைய வி.இ. × (க்ளோஸ்டு லூப் திருத்தம் ÷ 100) × (அளந்த லாம்டா ÷ இலக்கு லாம்டா)

நடுவில் இருக்கும் பகுதியை, அதாவது சென்சாரைப் பார்த்து இசியு தானாகவே செய்யும் பெட்ரோல் திருத்தத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வி.இ. 68, அளந்தது 1.04, இலக்கு 0.98 என்றால் விடை 72.2. அந்த நேரத்தில் க்ளோஸ்டு லூப் 103 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தால் சரியான விடை 74.3. லாக் எடுக்கும்போது க்ளோஸ்டு லூப்பை அணைத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

இனி முக்கியமான விஷயம், டெட் டைம். கிள்ளான் பக்கத்து ஹாஃப்கட் (பாதியாக வெட்டிய பழைய கார்) கடையில் வாங்கிய இன்ஜெக்டருக்கு டேட்டா ஷீட் கிடைக்காது. கிளீனிங் பெஞ்சில் ஃப்ளோ அளந்து தருவார்கள், டெட் டைமை ஊகித்துத்தான் போட வேண்டும். ஊகித்த எண் உண்மையைவிட 0.15 மில்லிவினாடி குறைந்தால் ஐடிலில், பெட்ரோல் நேரம் 1.5 மில்லிவினாடியாக இருக்கும் இடத்தில், லாம்டா சுமார் 11 சதவீதம் லீன் காட்டும். முழு திராட்டிலில் அதே பிழை 1.3 சதவீதம்தான். இதை வி.இ.யில் திருத்தினால் ஐடில் செல்கள் காரணமே இல்லாமல் உப்பிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க மெகாலாக்வியூவரில் இரண்டு கஸ்டம் ஃபீல்டு (நாமே எழுதிச் சேர்க்கும் கணக்கு) போதும். ஒன்று பிழை சதவீதம்: (அளந்தது ÷ இலக்கு − 1) × 100. மற்றொன்று, அந்தச் சதவீதத்தை டெட் டைம் கழித்த பல்ஸால் (இன்ஜெக்டருக்கு இசியு தரும் திறப்பு நேரம்) பெருக்கி 100ஆல் வகுத்து வரும் மில்லிவினாடி. இரண்டையும் பல்ஸ் அகலத்துக்கு எதிரே ஸ்கேட்டர் பிளாட்டில் போடுங்கள். மில்லிவினாடி எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் குற்றவாளி டெட் டைம். சதவீதம் ஒன்றாக இருந்தால் இன்ஜெக்டர் ஃப்ளோ எண் தவறு. இரண்டும் இல்லாமல் குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் மட்டும் பிழை குவிந்தால்தான் வி.இ.யைத் தொட வேண்டும். இன்னொரு எளிய சோதனை: ஐடிலில் ஹெட்லைட்டையும் பின் கண்ணாடி டீமிஸ்டரையும் போடுங்கள். வோல்டேஜ் இறங்கும்போது லாம்டாவும் நகர்ந்தால் டெட் டைமின் வோல்டேஜ் வளைவு சரியில்லை.

அடுத்தது வெப்பம். ஃபெடரல் ஹைவே ஜாமில் அரை மணி நேரம் நின்றால், மேனிஃபோல்டில் பொருத்திய காற்று வெப்ப சென்சார் 70 டிகிரி காட்டும். வண்டி நகர்ந்ததும் உள்ளே போகும் காற்று 40 டிகிரிதான், சென்சாரின் உலோகம் மட்டும் இன்னும் சூடாக இருக்கும். காற்று மெலிந்துவிட்டது என்று நம்பி இசியு 9 சதவீதம் பெட்ரோலைக் குறைத்துவிடும். பச்சை விளக்கில் கிளம்பும்போது வண்டி இழுக்காமல் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். சென்சாரை திராட்டிலுக்கு முன்னால் உள்ள குழாய்க்கு மாற்றுங்கள், திறந்த முனையுள்ள வகை நல்லது. லாக்கில் 55 டிகிரிக்கு மேல் உள்ள வரிகளை வி.இ. கணக்கில் சேர்க்கவே கூடாது.

மற்ற ஃபில்டர்கள்: கூலன்ட் 80 டிகிரிக்கு மேல், ஆக்ஸலரேஷன் என்ரிச்மென்ட் (ஆக்ஸலரேட்டரை அழுத்தும்போது கூட்டித் தரும் பெட்ரோல்) பூஜ்யம், ஃப்யூல் கட் (காலை எடுத்ததும் பெட்ரோலை நிறுத்துவது) இல்லாத நேரம், செல்லின் மையத்துக்கு அருகில் விழும் மாதிரிகள் மட்டும், ஒரு செல்லுக்குக் குறைந்தது 20. சராசரியைவிட இடைநிலை எண்ணை நம்பலாம், ஒரு மிஸ்ஃபயர் வந்தாலே சராசரி சாய்ந்துவிடும். மிஸ்ஃபயரில் எரியாத ஆக்ஸிஜன் வெளியே வருவதால் சென்சார் லீன் என்று சொல்லும், அதைக் கேட்டு பெட்ரோலைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். சென்சாருக்கு முன்னால் எக்சாஸ்ட் கேஸ்கெட் கசிந்தாலும் இதே கதை.

எக்சாஸ்ட் புகை வைட்பேண்ட் சென்சாரை அடையத் தாமதம் உண்டு. ஐடிலில் அது அரை வினாடி வரை போகலாம், உயர் ஆர்.பி.எம்.மில் மிகக் குறைவு. ஆக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஃப்யூல் கட் தொடங்கும் வரியிலிருந்து லாம்டா ஏறத் தொடங்கும் வரி வரை எண்ணினால் உங்கள் வண்டியின் தாமதம் தெரியும். ஃபார்முலாவில் லாம்டாவை அத்தனை வரி தள்ளி எடுக்க வேண்டும்.

லாக் எடுக்க கோம்பாக் டோல் தாண்டி வரும் காராக் ஏற்றம் அருமையான இடம். வேக வரம்புக்குள்ளேயே மூன்றாம் கியரில் 80, 90 கிலோபாஸ்கலை நிதானமாகப் பிடித்து வைக்கலாம். முழு திராட்டில், 5000க்கு மேல் என்றால் டைனோவுக்கு (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் மேடை) போங்கள். அங்கே 0.82 லாம்டாவில் ஆரம்பித்து 0.87 பக்கம் மெல்லக் கொண்டுவருவது பாதுகாப்பு.

ட்யூனர்ஸ்டூடியோவின் ஆட்டோடியூன் (வி.இ. அட்டவணையைத் தானே திருத்தும் வசதி) பதிவு செய்த பதிப்பில்தான் வரும். முதல் சுற்றுக்குக் கொடுத்த காசு வீண் போகாது. அட்டவணை 5 சதவீதத்துக்குள் வந்த பிறகு அதை அணைத்துவிட்டு, கையால் பாதித் திருத்தம் மட்டும் போடுவதே மேல்.

வைட்பேண்ட் கன்ட்ரோலரின் அனலாக் கிரவுண்ட் வயரை இசியுவின் சென்சார் கிரவுண்டோடு சேருங்கள். 0 முதல் 5 வோல்ட், 10 முதல் 20 ஏ.எஃப்.ஆர். என்ற அளவில், பாடி கிரவுண்டில் 0.1 வோல்ட் தவறினாலே 0.2 ஏ.எஃப்.ஆர். பிசகும்.

ஏர்கான் இல்லாமல் இங்கே யாரும் ஓட்டுவதில்லை, அதனால் ஐடில் லாக்கை ஏர்கான் போட்டும் அணைத்தும் எடுக்க வேண்டும். கம்ப்ரஸர் பிடித்ததும் மேப் (மேனிஃபோல்டு அழுத்தம்) 35இலிருந்து 45 கிலோபாஸ்கலுக்குத் தாவி வேறு வரிசைக்குப் போகும். 700 முதல் 1000 ஆர்.பி.எம். வரை அந்த இரண்டு வரிசைக்கும் இடையே வி.இ. வித்தியாசம் அதிகமாக இருந்தால் ஐடில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே மட்டும் லாக் சொல்வதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, செல்களைக் கையால் சமமாக்கிவிடுங்கள்.