ஃபில்டர் மாற்றும் ரப்பர் மாஸ்க்: கொரோனா வார்டில் தொடங்கி இன்று வரை

அனஸ்தீசியா முதலாமாண்டு சேர்ந்திருக்கும் ஜூனியர் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, கொரோனா டைம்ல நீங்க போட்டிருந்த ரப்பர் மாஸ்க் விலை இறங்கியிருக்கே, வாங்கிடட்டுமா?" அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெயிண்ட் அடிப்பவர்கள் போடுவார்களே, இரண்டு பக்கமும் ஃபில்டர் மாட்டிய பாதிமுக மாஸ்க், அதேதான். பி100 ஃபில்டர் 99.97 சதவீதம் துகள்களைத் தடுக்கும். என்95இல் அது 95. ஆனால் நான் வாங்கியது அந்தக் கணக்குக்காக இல்லை. என் முகம் சின்னது. எந்த என்95 போட்டாலும் மூக்கோரம் இடைவெளி விழும். அந்த வழியாக மூச்சு மேலே கசிந்து, நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போடக் குனியும்போதுதான் கண்ணாடியில் ஆவி படியும். தொண்டைக்குள் பார்க்க வேண்டிய குரல்நாண் மட்டுமல்ல, அதைக் கேமரா வழியாகக் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பின் திரைகூட மங்கிவிடும். கழற்றித் துடைக்கவும் வழியில்லை.

இந்த மாஸ்க்கில் நாம் விடும் மூச்சு முன்னாலிருக்கும் வால்வு வழியாகக் கீழே போய்விடுகிறது. கண்ணாடி கடைசி வரை தெளிவாக இருக்கும். இரண்டு ஃபில்டரையும் உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தோடு உள்வாங்கி ஒட்டும். எங்காவது காற்று நுழைந்தால் உடனே தெரிந்துவிடும். 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், வார்டுக் கதவுக்கு வெளியே நின்று அப்படி இழுத்துப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வரும். 2020இல் எல்லாரும் கொண்டாடிய, நோயாளியின் தலைமேல் கவிழ்க்கும் அக்ரிலிக் பெட்டி கையைக் கட்டிப்போட்டதுதான் மிச்சம். காற்றை உறிஞ்சும் வசதி இல்லாத அந்தப் பெட்டிகளுக்கான அவசர அனுமதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த ஆகஸ்டிலேயே ரத்து செய்தது.

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது ஒன்றுதான்: பேசினால் கேட்காது.

ஐம்பது கிலோ நோயாளி, தசையைத் தளர்த்தும் ரோகுரோனியம் அறுபது மில்லிகிராம் என்றேன். சிஸ்டர் காதில் இருபது என்று விழுந்திருக்கிறது. ஏற்றிய சிரிஞ்சை அவர் என் கண்முன் தூக்கிக் காட்டியதால் பிடித்தோம். அறுபது மில்லிகிராமுக்கு ஆறு எம்எல் வேண்டும், சிரிஞ்சில் இருந்தது இரண்டு. தசை முழுதாகத் தளராமல் டியூப் போட்டால் நோயாளி இருமுவார், சுற்றி நிற்கும் எல்லாருக்கும் ஆபத்து. அப்புறம் மருந்தை முன்கூட்டியே ஏற்றி, லேபிள் ஒட்டி, யார் என்ன செய்வது என்று மாஸ்க் மாட்டுவதற்கு முன்பே பேசி முடிக்க ஆரம்பித்தோம். உள்ளே விரல் சைகைதான். எல்லாம் நினைத்தபடி நடந்தால் சரி. முதல் முயற்சியில் டியூப் போகவில்லை என்றால்? "பூஜீ!" என்று, டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியைக் கேட்டுக் கத்தினால் எனக்கே காது அடைக்கும், எதிரில் நிற்பவருக்கு முனகலாகக் கேட்கும். முழுமுக மாஸ்க் சிலவற்றில் பேசுவதற்கென்றே ஒரு சவ்வு உண்டு. இதில் ஏன் வைக்கவில்லை?

வெளிமூச்சு வடிகட்டப்படாமல் போவதால் வால்வின் மேல் சர்ஜிகல் மாஸ்க் கட்ட வேண்டும். வியர்வை முகவாய்க்கடியில் தேங்கும். இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த வால்வுக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் இலை சுருண்டுவிட்டது. அதை மட்டும் தனியாகத் தரமாட்டார்களாம், முழு மாஸ்க்கையே வாங்க வேண்டுமாம். பல வருஷம் உழைத்த பொருளை ஒரு ரூபாய் நாணயம் அகல இலைக்காகத் தூக்கிப் போட மனசு வரவில்லை. இந்தக் கோபத்தில்தான் அவளிடம் "வாங்காதே" என்றேன்.

முதலில் ஆஸ்பத்திரியில் ஃபிட் டெஸ்ட் கேள் என்றும் சொன்னேன். தலையை மூடி சாக்கரின் தெளிப்பார்கள். மாஸ்க்குக்குள் இனிப்பு தெரியாவிட்டால் பொருத்தம். என்95 பொருந்தினால் அதையே போடு, நீ சொல்வதாவது மற்றவருக்குக் கேட்கும். அவள் முகமும் சின்னதுதான். எதுவும் பொருந்தவில்லை என்றால் என்னைக் கூப்பிடு என்றேன். நான் புதிதாக ஒன்று சின்ன சைஸில் ஆர்டர் போட்டுவிட்டேன், வந்ததும் போட்டுப் பார்க்கட்டும்.