காரைக்குடி புத்தொழில் வளர் மையம்: ஒரு பயனாளரின் மதிப்புரை

காரைக்குடியில் ஒரு கல்லூரி வளாகத்தினுள், புதிய நிறுவனங்களுக்கு இடமும் ஆலோசனையும் தரும் புத்தொழில் வளர் மையத்தில் (இன்குபேட்டர்), இன்வெர்ட்டர் பேட்டரியின் நிலையைச் சோதிக்கும் சிறு கருவியை உருவாக்குவதற்காக எங்கள் குழு இடம் எடுத்திருக்கிறது. படிப்பை முடித்ததும் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போவதா, ஊரிலேயே தொழில் தொடங்குவதா என்று யோசிக்கும் இளைஞர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

இட வசதியில் குறையில்லை. மேசை, இணையம், குளிர்சாதனம் எல்லாம் உண்டு. மாதக் கட்டணம் செக்காலைச் சாலையில் ஒரு சிறு அறைக்குக் கொடுக்கும் வாடகையை விடக் குறைவு. முப்பரிமாண அச்சு இயந்திரம் மட்டும் ஓடும் நாளை விடப் பழுதாகிக் கிடக்கும் நாளே அதிகம்.

மையத்தின் உண்மையான பலம் அதன் ஆலோசகர்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்து 1953 முதல் இயங்குகிறது. அத்துறையில் ஓய்வு பெற்றவர்கள் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுள் ஒருவர் பழைய பேட்டரி ஒன்றை எங்கள் மேசைமேல் வைத்து, மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டுவதைப் பார்க்கச் சொன்னார். பிறகு கார் முகப்பு விளக்கின் பல்பு ஒன்றை அதில் இணைத்தார். அளவு மளமளவென்று பத்துக்கும் கீழே இறங்கியது. சும்மா இருக்கும்போது எடுக்கும் மின்னழுத்தம் பேட்டரியின் உள் மின்தடையை மறைத்துவிடும், சுமை ஏற்றினால்தான் சாயம் வெளுக்கும் என்பதை அவர் அரை மணி நேரத்தில் புரியவைத்தார். எங்கள் கருவியின் அடிப்படையே அன்று முடிவானது. இப்படிப்பட்டவரின் நேரம் வெளிச் சந்தையில் எளிதில் கிடைக்காது.

நிர்வாகத்தைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் மாதிரி உருவாக்கத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அந்த நிதியை வழங்கத் தேர்வான மையங்களின் பட்டியலில் இந்த மையம் இல்லை என்பதைச் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் வற்புறுத்திக் கேட்ட பிறகே சொன்னார்கள். அதற்குள் அந்த இரண்டாண்டுக் காலக்கெடுவில் கணிசமான பகுதி கரைந்திருந்தது. விண்ணப்பத்தில் மூன்று மையங்கள் வரை விருப்ப வரிசையில் குறிப்பிடலாம் என்பதையும் நாங்களே படித்துத் தெரிந்துகொண்டோம்.

பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலானவை முதலீட்டாளர் முன் பத்து நிமிடம் பேசுவது எப்படி என்பதைப் பற்றியவை. எங்களுக்கு வேண்டியதோ, கருவியை வாங்கிப் பார்க்கும் நான்கு பேட்டரிக் கடைக்காரர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த நகரத்தார், பையனைப் பெட்டியடியில் உட்காரவைத்து, அடுத்தாளாக (முதலாளியின் உதவியாளராக) உயர்த்தி, பிறகு மூன்றாண்டுத் தவணைக்குக் கடைப்பொறுப்பையே ஒப்படைத்துத் தொழில் பழக்கினார்கள்; அந்த வழக்கத்தின் வாரிசுகள் நடத்தும் கடைகள் மையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தும், அவர்களுள் ஒருவரையாவது மையம் எங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கவில்லை. முதல் வாடிக்கையாளரை நாங்களே கடைகடையாக ஏறி இறங்கித்தான் பிடித்தோம்.

மையத்தின் விளம்பர ஏட்டில் வேலைவாய்ப்பு என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எங்களிடம் சம்பளம் வாங்குவோர் இரண்டே பேர். இருவரும் உள்ளூரில் டிப்ளமோ முடித்து, சாலிடரிங்கும் தரச் சோதனையும் பார்க்கிறார்கள். பக்கத்து மேசைகளில் பெரும்பாலும் நிறுவனரே ஊழியர். எத்தனை நிறுவனங்கள் இடம் எடுத்தன என்று கணக்குக் காட்டுவதோடு, அவை எத்தனை பேருக்கு மாதச் சம்பளம் கொடுக்கின்றன என்பதையும் மையம் வெளியிட்டால், சேர நினைப்பவர்களுக்கு நிலவரம் தெரியும்.

மின்னணுவியல், மின்கலம், அரிமானத் தடுப்பு (உலோகம் துருப்பிடிப்பதைத் தடுப்பது) போன்றவற்றில் பொருள் செய்ய நினைப்பவர்கள் தயங்காமல் சேரலாம். செயலி மட்டும் எழுதுவோருக்கு வீட்டுத் திண்ணையும் நல்ல இணைய இணைப்புமே போதும். சேருமுன், எந்தெந்த நிதித் திட்டங்களுக்கு மையம் அங்கீகாரம் பெற்றிருக்கிறது, எந்த ஆலோசகர் வாரத்தில் எத்தனை மணி நேரம் வருவார் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.