வங்கி கேஒய்சி: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஃபோன், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் 'வாங்கி இத்தனை வருஷம் ஆச்சு, எப்படி இருக்கு' என்று எழுதுகிறார்கள். நம் கணக்கில் இருக்கும் நம் பணத்தை எடுக்க, நாம்தான் அந்த ஆள் என்று காட்டச் சொல்லும் கேஒய்சி என்ற ஏற்பாட்டைப் பற்றி யாராவது அப்படி எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எனக்கு அதில் போதுமான அனுபவம் உண்டு. என் சம்பளக் கணக்கு சென்னையில் ஒரு தனியார் வங்கியில். அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கணக்கு ஈரோடு பக்கம் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில். பெயர் வேண்டாம். சொன்னால், "எங்க வங்கியும் அப்படித்தாங்க" என்றுதான் நீங்களும் சொல்வீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கியின் விதிகள் மோசமில்லை. படித்துப் பார்த்தால் பல இடங்களில் வாடிக்கையாளருக்குச் சாதகமாகவே இருக்கின்றன. ஆனால் கிளையில் காரியம் நடப்பது விதியை வைத்து அல்ல, அன்றைக்கு அந்த சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்து.

அம்மா கணக்கில் இருந்து தொடங்குகிறேன். கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி எஸ்எம்எஸ் வந்தது. ஆதார் ஜெராக்ஸ், பான் ஜெராக்ஸ், ஃபோட்டோ எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கி ஒரு டிரேயில் போட்டுக்கொண்டார்கள். ரசீது எதுவும் தரவில்லை. கொஞ்ச நாளில் அதே எஸ்எம்எஸ் மறுபடி வந்தது. அப்புறம் ஒரு மாதம் ஏடிஎம்மில் பணம் வரவில்லை. கணக்குக்குள் ஓய்வூதியம் வருகிறது, வெளியே எடுக்கத்தான் முடியாது. இதற்கு 'டெபிட் ஃப்ரீஸ்' என்று பெயராம். அந்த ஃப்ரீஸ் வங்கிக்குப் பொருந்தாது போலிருக்கிறது. எஸ்எம்எஸ் கட்டணம் மட்டும் தவறாமல் கழிந்திருந்தது.

நான் ஊருக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போனேன். டிரேயில் போட்ட காகிதம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சரி, ரேகை வைத்தால் உடனே முடிந்துவிடும் என்றார்கள். சின்ன சிவப்பு விளக்கு எரியும் கருவி. அம்மா வலது கட்டைவிரலை வைத்தார், விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரல், பிறகு இடது கை. எழுபது வயதைத் தாண்டிய கைகள், ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. "கொஞ்சம் அழுத்தி வைங்கம்மா" என்றார் கவுண்டரில் இருந்த பையன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க தம்பி, இந்தா இதே விரலுக்குத்தானுங்க தபால்காரரு மிஷின்ல பச்சை எரிஞ்சுது?"

அவர் சொன்னது சரி. ஓய்வூதியக்காரர்களின் உயிர்வாழ் சான்றை இப்போது தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு எடுத்துக்கொடுத்துவிட்டுப் போகிறார். ரேகை விழவில்லையென்றால் முகத்தைக் காட்டிச் சான்று எடுக்கும் வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. "அது வேற சிஸ்டம்ங்கம்மா" என்றான் பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனிடம் இருந்தது அந்த ஒரு கருவிதான், பின்னால் நகைக்கடன் வரிசை வேறு நின்றது.

நான் மேனேஜரைப் பார்த்தேன். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கேஒய்சி காகிதங்களை வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது என்றேன். "ஆள் இல்லைங்க சார்" என்றார். அடுத்து 2023 ஜனவரி 5-ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் செய்திக்குறிப்பின் பிரிண்ட் அவுட்டை நீட்டினேன். விவரங்களில் மாற்றம் எதுவும் இல்லையென்றால், 'மாற்றம் இல்லை' என்று வாடிக்கையாளர் சொன்னாலே போதும். அதை மின்னஞ்சல், மொபைல், ஏடிஎம், நெட் பேங்கிங், கடிதம் என்று எதன் வழியாகவும் சொல்லலாம், அதற்காகக் கிளைக்கு வரச்சொல்லக் கூடாது. அவர் படித்தார். "ஹெட் ஆபீஸ்ல இருந்து எங்களுக்கு வரணுமே சார்" என்றார்.

இந்த இடத்தில் பலன் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம். "வாங்கிக்க முடியாதுன்னு எழுதிக் கொடுத்துடுங்க சார், நான் 14448-க்குப் பேசிக்கறேன்" என்றேன். அது ரிசர்வ் வங்கியின் புகார் எண். வங்கிக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது. குரலை உயர்த்தத் தேவையில்லை, எழுத்தில் கேட்டால் போதும். கடிதத்தை வாங்கிக்கொண்டு, என்னிடம் இருந்த நகலில் சீல் வைத்துத் தேதி போட்டுக் கொடுத்தார்கள். கேஒய்சி புதுப்பித்ததற்குத் தேதியோடு ஒப்புகை தர வேண்டும் என்பதும் விதிதான். கேட்காமல் யாரும் தருவதில்லை.

விதிகளில் எனக்கே வேடிக்கையாகப் பட்ட ஒன்றும் உண்டு. கணக்கு தவறாகப் பயன்படும் ஆபத்து குறைந்த வாடிக்கையாளர் என்றால் 10 ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தரம் என்றால் 8, அதிகம் என்றால் 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நாம் எந்தப் பிரிவு? அதை வாடிக்கையாளரிடம் வெளியிடக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே, அடிக்கடி காகிதம் கேட்டால் என்ன காரணம் என்று யூகித்துக்கொள்ள வேண்டியதுதான். 2025 ஜூனில் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆபத்து குறைந்த பிரிவில் இருப்பவர்களுக்குக் கெடு முடிந்து ஓராண்டு, அல்லது 2026 ஜூன் 30, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை எல்லாப் பரிவர்த்தனையையும் அனுமதிக்க வேண்டும். கெடுவுக்கு முன் மூன்று அறிவிப்பு, பின் மூன்று நினைவூட்டல், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒன்று கடிதமாக. இது முன்பே வந்திருந்தால் அம்மாவை அப்படி வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்க முடியாது.

என் கணக்குக்கு வீடியோ கேஒய்சி, அதாவது வீடியோ அழைப்பில் முகத்தையும் கார்டையும் காட்டுவது. நான் பயன்படுத்தியவற்றில் இதுதான் உருப்படி. 2020 ஜனவரியில் அனுமதித்தார்கள், நேரில் போனதற்குச் சமம் என்று பிறகு ஆக்கினார்கள். பான் கார்டு கையில், பின்னால் வெறும் சுவர், ஜன்னலுக்கு எதிரில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தால் கார்டு பளபளத்து எழுத்து தெரியாது. அந்தப் பக்கம் இருந்த அம்மணி இந்தியில் ஆரம்பித்து, ஆங்கிலத்துக்கு மாறி, என் பிறந்த ஊரைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், தலையைத் திருப்பச் சொன்னார், வரிசையில்லாமல் நாலைந்து கேள்வி கேட்டார். பதிவு செய்த வீடியோவை யாரும் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. நிம்மதியாக முடிந்தது. குறை என்றால், நாம் இந்தியாவுக்குள் இருந்தாக வேண்டும், இருப்பிடத்தையும் பதிவு செய்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சானுக்கு இது உதவாது. அம்மாவுக்கு வைத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அவர் கிளையில் பழைய கணக்குக்கு அந்த வசதியைத் திறந்துவிடவில்லை.

ஃபோன் மாற்றுவது தனித் தலைவலி. வங்கி ஆப் சிம்மோடு கட்டிப்போடப்பட்டது. சிம் தொலைந்து புதிது வாங்கினால், மோசடியைத் தடுக்க முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அது நல்ல ஏற்பாடு, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கஸ்டமர் கேரில் இருக்கும் பெண்ணுக்கு அது தெரியவில்லை. "உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும் சார், சொல்லுங்க" என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறந்த தேதி, கடைசியாகக் கட்டிய கரண்ட் பில் தொகை, நாமினி பெயர் என்று நான் அடுக்கியதற்கெல்லாம் மதிப்பே இல்லை. வங்கிக்கு நான் என்றால் அந்தப் பத்து இலக்க எண்தான். ஆதாரில் பழைய நம்பர் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். நீண்ட காலம் அதை ஆன்லைனில் மாற்ற வழியில்லை, ஆதார் மையத்துக்கே போக வேண்டியிருந்தது.

இதற்கு நடுவே மோசடிக்காரர்கள். 'உங்கள் கேஒய்சி முடிந்துவிட்டது, இன்றிரவு கணக்கு முடக்கப்படும்' என்று ஒரு ஏபிகே ஃபைலோடு (ஃபோனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வாட்ஸப் வரும். அசல் வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸும் அதே மிரட்டல் தொனியில், சுருக்கிய லிங்க்கோடுதான் இருந்தது. அம்மா எதைத்தான் நம்புவார்? வங்கிகளின் இணைய முகவரி எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்று உத்தரவிட்டது இந்த விஷயத்தில் நடந்த நல்ல காரியம். அம்மாவுக்கு அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வால் சரியாக இல்லையென்றால் தொடாதே.

சீல் வைத்த கடிதத்துக்கு வருகிறேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை, பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. பாஸ்புக்கில் அம்மாவுக்கு என் அப்பாவின் இனிஷியல், பெயருக்கு முன்னால். ஆதாரில் தாத்தாவின், அதாவது அம்மாவைப் பெற்றவரின் இனிஷியல், பெயருக்குப் பின்னால். பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதியாக வேண்டும் என்பதால் அப்பாவின் முழுப் பெயரே குடும்பப் பெயராக நிற்கிறது. பெயரின் ஸ்பெல்லிங்கிலும் ஓர் எழுத்து இரட்டித்திருக்கிறது. கல்யாணத்தில் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழ் காட்டலாம், அல்லது அரசிதழ் அறிவிப்பு. தமிழ்நாட்டில் திருமணப் பதிவுச் சட்டம் வந்தது 2009-இல். அம்மா கல்யாணம் நடந்தது 1970களில், கோயிலில். சான்றிதழுக்கு எங்கே போவது? அப்பா இறந்தபின் ஓய்வூதிய ஆணையிலேயே 'இன்னாரின் மனைவி' என்று கருவூலம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டினேன், அது பட்டியலில் இல்லையாம். நோட்டரி கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரத்தையும் பார்த்துவிட்டு அதிகாரி தலையாட்டவில்லை.

அரசிதழில் போட்டுவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு கண்ணு? அந்தத் தம்பிக்கு மாத்தல் வர்ற சமயந்தான். அடுத்து வர்றவங்க பாத்துக்குவாங்க."

மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் அதே கடிதம், அதே பத்திரம், அதே ஓய்வூதிய ஆணையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஃப்ரீஸை எடுத்துவிட்டார்.